துறைமுகத்துப் பேய்களைத் தேடி: மும்பையில் நான்கு நாள் நடை

கிளம்பும் முன்

மும்பையில் பேய் உலவும் இடங்கள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை முதலில் மூடி வையுங்கள். அவற்றில் பாதி, ஆட்கள் குடியிருக்கும் சால்களும் (ஒற்றை அறை வரிசை வீடுகள்) ஹவுசிங் சொசைட்டிகளும். ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்தவர் வாசலில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றால் பேய் வராது, வாட்ச்மேன்தான் வருவார். மீதிப் பாதி ஆரே காலனி, அந்தேரி, தேசியப் பூங்கா என்று ஊரின் மறுகோடியில் கிடக்கிறது.

இங்கே எழுதப்போகும் தடம் துறைமுகத்தை ஒட்டியது மட்டும். தெற்கே கொலாபாவில் தொடங்கி வடக்கே சிவ்ரி வரை, தீவின் கிழக்குக் கரை. எந்த இடத்தில் யார் செத்தார்கள், எந்த வருஷம், எதனால் என்பது பதிவில் இருக்கும் இடங்கள்தான் இதில் வரும். கதையும் வரும், பொய் என்று தெரிந்த கதையைப் பொய் என்றே சொல்லிவிடுவோம்.

தாராவி, சயான், மாட்டுங்கா ஆட்களுக்கு சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டி. செம்பூர், கோலிவாடா, வடாலா ஆட்களுக்கு ஹார்பர் லைன் இன்னும் வசதி. அந்த லைனே இந்தத் தடத்தின் முதுகெலும்பு. ஊரிலிருந்து வருகிறவர்கள் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தங்கினால் காலை இட்லி, ஃபில்டர் காபிக்குக் கவலையில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க நல்ல காலம். மழைக்காலத்தில்தான் போவேன் என்பவர்கள் கடல் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாளில் கனமழையும் சேர்ந்தால் மழைநீர் கடலுக்குள் வடியாது, தாழ்வான சாலைகளில் தேங்கும். செருப்பைத் தவிர்த்து ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள்; பழைய கருங்கல் படி நனைந்தால் வழுக்கும், நடைபாதையின் பேவர் பிளாக் பாதி இடத்தில் ஆடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, பவர் பேங்க். துறைமுக மதில், கடற்படை மதில், அவற்றின் கேட் எதையும் படம் எடுக்கக் கூடாது. தெரியாமல் எடுத்து யாராவது கேட்டால் விவாதம் வேண்டாம், காட்டி அழித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

முதல் நாள், வெள்ளி: ஃபோர்ட்

பிற்பகல் மூன்றரைக்கு சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என்ற சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் தொடங்குவது சரி. கதீட்ரலுக்குள் வெளிச்சம் இருக்கும்போது போய்விட வேண்டும். மற்றதெல்லாம் அலுவலகம் விட்டபின் பார்த்தால் போதும். ஆறு மணிக்கு மொத்த ஃபோர்ட்டும் ஸ்டேஷனை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தை எதிர்த்து நடக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனை மாநகராட்சிக் கட்டடத்துப் பக்க நடைபாதையிலிருந்து பாருங்கள். 1887-இல் விக்டோரியா மகாராணியின் பெயரைச் சூட்டிய கட்டடம். மாடத்திலும் முகட்டிலும் வாய் பிளந்து நிற்கும் கல் மிருகங்களை பார்த்துவிட்டுப் பேய்க்கதை சொல்பவர்கள் உண்டு. பலவும் மழைநீர் வடிவதற்கான தூம்புகள். இருட்டான விஷயம் கட்டடத்தில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது. ஸ்டேஷன் வருவதற்கு முன் இந்தப் பக்கம்தான் ஃபான்சி தலாவ் என்ற குளம் இருந்தது: தூக்கு மேடைக் குளம். மும்பா தேவியின் பழைய கோயிலும் இதே வட்டாரத்தில்தான் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதை அகற்றினார்கள்.

அங்கிருந்து பெரின் நரிமன் தெரு வழியாகத் தெற்கே நடந்தால், 1733-இல் எழுந்த மானெக்ஜி சேட் அகியாரி என்ற பார்சி நெருப்புக் கோயிலின் வாசலில் மனித முகமும் இறக்கையும் கொண்ட இரண்டு காளைகள். பார்சிகள் தவிர மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தெருவிலிருந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகருங்கள்.

இன்றைய நாளில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது செயின்ட் தாமஸ் கதீட்ரலுக்கு. 1676-இல் கவர்னர் ஜெரால்டு ஆங்கியர் காலத்தில் தொடங்கி, பாதியில் நின்று, 1718 கிறிஸ்துமஸ் அன்று திறந்த கோயில். சர்ச்கேட் என்று இன்று நாம் வண்டி ஏறும் இடத்துக்குப் பெயர் கொடுத்தது, கோட்டை மதிலில் இந்தக் கோயிலை நோக்கித் திறந்த வாசல்தான். பழைய பம்பாயின் மைல் கற்கள் தூரத்தை இங்கிருந்துதான் எண்ணின. அவற்றில் சில இன்றும் சாலையோரத்தில் பாதி புதைந்து நிற்கின்றன.

உள்ளே போனதும் பீடத்தைப் பார்க்க வேண்டாம், சுவரைப் பாருங்கள். பளிங்குப் பலகைகளில் வயதை மட்டும் படித்துக்கொண்டே வந்தால் போதும்: இருபதுகளில் போனவர்கள், கைக்குழந்தையோடு போன தாய்மார்கள், கப்பலோடு போனவர்கள். பெரும்பாலும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான். 1690 வாக்கில் இங்கே இருந்த ஆங்கிலப் பாதிரி ஓவிங்டன், மனிதனின் ஆயுள் இரண்டு மழைக்காலம் என்ற பம்பாய்ப் பழமொழியைக் குறித்து வைத்திருக்கிறார். 1811-இல் இறந்த கவர்னர் ஜொனாதன் டங்கனின் நினைவுச் சிற்பத்தில் நின்று கவனியுங்கள். அதில் செதுக்கிய சுருளில், பனாரசிலும் கத்தியவாரிலும் சிசுக்கொலை ஒழிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். சாவுகளுக்கான சுவரில், நடக்காமல் போன சாவுகளைப் பற்றிய ஒரே கல் அதுதான் என்பது எங்கள் கணக்கு. படம் எடுக்கலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். வழிபாடு நடக்கும்போது சுற்றக் கூடாது.

ஹார்னிமன் சர்க்கிளும் டவுன் ஹால் படிக்கட்டும் அடுத்து. உட்கார்ந்து தண்ணீர் குடிக்க நல்ல இடம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருக்கும் பாம்பே காசில் வாசல் கடற்படை வளாகத்துக்குள் இருக்கிறது, போக முடியாது.

வீர் நரிமன் சாலையில் மேற்கே போய், கிராஸ் மைதானத்தின் மூலையில் பீக்கா பெஹராம் கிணறு. 1725-இல் ஒரு பார்சி வணிகர் தோண்டியது. கடல் இத்தனை பக்கத்தில் இருந்தும் நீர் இனிப்பாக இருந்ததால் புனிதமாகி, இன்றுவரை மூடப்படாமல் இருக்கிறது. பார்சிகள் அல்லாதவர்கள் வெளியே நின்றுகொள்ள வேண்டும். மும்பைப் பேய்க்கதைகளில் ஏன் இத்தனை கிணறுகள் என்பதற்கு விடை இந்த இடத்தில் கிடைக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலேரியாக் கொசு வீட்டுக் கிணறுகளில்தான் முட்டையிடுகிறது என்று கண்டுபிடித்து மாநகராட்சி அவற்றை மூடச் சொன்னது. கிணற்றில் குடியிருக்கும் ஆவி கோபித்துக்கொள்ளும், வீட்டில் சாவு விழும் என்று பல வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். கிணறு போய்விட்டது, ஆவி மட்டும் பட்டியல்களில் தங்கிவிட்டது.

ராஜாபாய் கோபுரத்தை ஓவல் மைதானத்தின் நடுவிலிருந்து பாருங்கள். 85 மீட்டர் உயரம், பக்கத்தில் போனால் கழுத்துதான் வலிக்கும். பருத்தி வணிகத்தில் கொழித்த பிரேம்சந்த் ராய்சந்த் தன் தாயின் பெயரில் கட்டக் கொடுத்த பணம், 1878-இல் முடிந்தது. 1891 ஏப்ரல் 25 அன்று பச்சுபாய், பிரோஜ்பாய் என்ற இரண்டு இளம் பார்சிப் பெண்கள் இதன் மேலிருந்து விழுந்து இறந்தார்கள். பச்சுபாய், பின்னால் பூட்டுத் தொழிலில் பெயரெடுத்த அர்தேஷிர் கோத்ரெஜின் மனைவி. தாக்க வந்தவர்களிடமிருந்து தப்பவே குதித்தார்கள் என்று ஊர் கொதித்தது, வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். கோபுரத்தில் நடக்கும் பெண்ணுருவம் என்ற கதைக்கு இந்தத் தீராத வழக்கே வேர். மேலே ஏறப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இருட்டியபின் காலா கோடாவில் வாட்சன் ஹோட்டல். இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860-களில் பூட்டி நிறுத்திய கட்டடம். 1896 ஜூலை 7-இல் லூமியேர் சகோதரர்களின் படம் இந்தியாவில் முதலில் ஓடியது இங்கேதான். இருட்டில் பார்த்தால் எந்தப் பேய்ப்படத்துக்கும் செட் போட வேண்டாம். ஆனால் ஆபத்து ஆவியால் இல்லை: 2005-இல் இதன் ஒரு பகுதி இடிந்து உயிர் போயிருக்கிறது, 2019-இல் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். எதிர் நடைபாதையில் நின்று பாருங்கள். திரும்ப ஹுதாத்மா சௌக் மெட்ரோ நிலையம் பக்கம்.

இரண்டாம் நாள், சனி: மாண்ட்வியும் துறைமுக மதிலும்

இன்று இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்கு மஸ்ஜித் ஸ்டேஷன். பதினொன்றரைக்குள் முடிக்க வேண்டும். பிறகு மாலை மூன்று மணிக்கு மறுபடி. நடு உச்சியில் பி. டிமெல்லோ சாலையில் நடப்பது வீண் வதை. நிழல் கிடையாது, கன்டெய்னர் லாரி புகைதான்.

மஸ்ஜித்தில் இறங்கி மாண்ட்விக்குள் நுழைந்தால் மிளகாய், பேரீச்சை, சாக்கு மூட்டை, கைவண்டி. சனிக்கிழமை காலை கைவண்டிக்காரர்களுக்கு வழிவிட்டு ஓரமாகவே நடங்கள். அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. இந்தத் தானியக் கிடங்குகளுக்கு நடுவேதான் 1896 செப்டம்பர் 23 அன்று மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயாளியை முதலில் கண்டறிந்தார். நோய் ஏன் இங்கே தொடங்கியது என்பது இன்று தெருவில் நின்றாலும் புரியும்: பக்கத்திலேயே கப்பல், கப்பலில் எலி, எலிக்குத் தானியம், தானியக் கிடங்குக்கு மேலேயே காற்று வராத அறைகளில் கூலிக்காரக் குடும்பங்கள். வாழத் தகுதியற்ற வீடுகளின் சுவரில் அதிகாரிகள் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிவிட்டுப் போவார்கள்: யு, எச், எச். ‘மனிதர் வாழத் தகாதது’ என்பதன் சுருக்கம். நோயைவிட அந்த எழுத்துக்கு ஜனங்கள் அதிகம் பயந்தார்கள், ஏனென்றால் அதற்குப் பின் கூரையைப் பிரிப்பதும் ஆளைப் பிரிப்பதும் தொடரும். 1897 ஜனவரி 10-இல் ஆய்வாளர் ஹாஃப்கின் தன் பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தது இதே நகரத்தில். மறு வருஷம் வந்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற நகர மேம்பாட்டு அமைப்பு இந்த நெரிசலை வெட்டித் திறந்து போட்ட சாலைகள்தான் பிரின்சஸ் தெரு, சாண்டர்ஸ்ட் ரோடு.

அந்தப் பிளேக்குக்கு இந்தத் தெருக்களில் நடுகல் தேடாதீர்கள். கிறிஸ்தவர்கள் நோய் நீங்க வேண்டி நிறுத்திய சிலுவைகள் கிர்காவ், பாந்திரா சந்துகளில் நிறைய உண்டு. வியேகாஸுக்கு மெட்ரோ சினிமா எதிரே சிலை இருக்கிறது. செத்தவர்களுக்கென்று மாண்ட்வியில் எங்கள் கண்ணில் பட்டது ஒன்றுமில்லை.

மாலை நடை சாண்டர்ஸ்ட் ரோடு ஸ்டேஷனில் தொடங்கி, கிழக்கே இறங்கி, ஆரஞ்சு கேட்டிலிருந்து தெற்கு நோக்கி. துறைமுக மதிலின் வாசல்களுக்கு நிறங்களே பெயர்: ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு, பச்சை. மதிலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நடங்கள். ஈஸ்டர்ன் ஃப்ரீவே தொடங்கும் இடத்தில் வண்டிகள் வேகம் எடுக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் குறுக்கே ஓடாதீர்கள். மெட்ரோவுக்கும் சுரங்கச் சாலைக்கும் எங்கே தோண்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது, இருட்டுவதற்குள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

மஞ்சள் கேட் பக்கம் மதிலுக்கு அந்தப் புறம் இருந்தது விக்டோரியா டாக். 1944 ஏப்ரல் 14. நடந்ததை வரிசையாகத் தெரிந்துகொண்டு நின்றால்தான் இந்த இடம் பேசும்.

ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து பிப்ரவரியில் கிளம்பி, கராச்சி வழியாக ஏப்ரல் 12-இல் இங்கே வந்தது. வயிற்றில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள். டார்பிடோ, கண்ணி வெடி, குண்டுகள். கூடவே 31 பெட்டிகளில் தங்கக் கட்டி. கராச்சியில் இதே கப்பலில் 8,700 பருத்திப் பொதிகளையும் ஏற்றினார்கள், எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றினார்கள். பருத்திப் பொதி உள்ளுக்குள்ளேயே கனன்று கிடக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் நடுவில் இருக்கும் கங்குக்குப் போய்ச் சேராது. வெடிபொருள் கப்பல் என்றால் சிவப்புக் கொடி பறக்க வேண்டும், பறக்கவில்லை. போர்க்காலம், எல்லாக் கப்பலிலும் வெடிபொருள், கொடி கட்டி என்ன ஆகப்போகிறது என்ற அலட்சியம்.

இரண்டாம் எண் சரக்கறையில் நண்பகல் கழிந்து புகை தெரிந்தது. இரண்டு மணிக்கு மேல்தான் ஆட்கள் இறங்கினார்கள். தீ எங்கே என்று தெரியாமலே தண்ணீரை அடித்தார்கள், 900 டன்னுக்கு மேல். தண்ணீர் ஏற ஏற எரியும் பருத்தி மிதந்து மேலே வந்து, மேல் தட்டில் இருந்த வெடிபொருளை நெருங்கியது. கப்பலின் பக்கத் தகடு சூடேறிப் பெயிண்ட் கொப்பளித்தது. உள்ளே தேங்கிய தண்ணீர் கொதித்தது. கப்பலை வெளியே இழுத்துக் கடலில் மூழ்கடிப்பதா, இங்கேயே அணைப்பதா என்று முடிவு சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதிலேயே நேரம் போனது. மூன்று ஐம்பதுக்குக் கப்பலை விட்டு வெளியேறச் சொன்னார்கள். நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு முதல் வெடிப்பு, அரை மணிக்குள் இன்னொன்று. நாலாயிரம் டன் ஜலபத்மா கப்பலின் பின்பகுதி எழும்பிக் கரைக் கிடங்கின் மேல் விழுந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சிம்லாவின் நிலநடுக்கக் கருவியில் அதிர்வு பதிந்தது. ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி ஒரு பார்சி முதியவரின் வீட்டு வராந்தாவில் 28 பவுண்டுத் தங்கக் கட்டி வந்து விழுந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செத்தவர்கள் 800 பேர் முதல் 1,300 பேர் வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. 66 தீயணைப்பு வீரர்களுக்கு மட்டும் எண்ணும் பெயரும் உறுதி; பைக்குலாவில் தீயணைப்புத் துறைத் தலைமையகத்தில் நினைவுத்தூண் இருக்கிறது, நாடு முழுக்க ஏப்ரல் 14 தீயணைப்பு நாளானது இவர்களால்தான். மற்றவர்கள் கூலிகள், பொதி சுமந்தவர்கள், மதிலை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்கள். போர்க்காலத் தணிக்கையால் செய்தியும் அமுங்கியது. ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலிதான் மறுநாள் விலாவாரியாகச் சொன்னது.

தாராவியில் திருநெல்வேலிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: அகாலமாகச் செத்தவனுக்குப் பீடம் போட்டுக் கொடை கொடுத்துவிட்டால் அவன் காவல் தெய்வம், கவனிக்காமல் விட்டால் காத்து கருப்பு. அந்தக் கணக்கில் பார்த்தால் மும்பையில் காத்து கருப்பு அதிகமாக உலவ வேண்டிய இடம் இந்த மதில்தான். ஆனால் எந்தப் பேய்ப் பட்டியலிலும் இது இல்லை. எழுதுபவர்களுக்குப் பாழடைந்த பங்களா வேண்டும், வெள்ளைப் புடவை வேண்டும். லாரி போகும் சாலையில் கதை எடுபடாது. நான்கு ஆறுக்கு அங்கே நின்றால் ஓலம் கேட்குமாமே என்று யாராவது சொன்னால், கேட்கும். ஃப்ரீவே ஏறும் லாரியின் ஏர் ஹார்ன்.

பச்சை கேட் வந்ததும் பல்லார்ட் எஸ்டேட். முதல் உலகப்போருக்குச் சற்று முன் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஜார்ஜ் விட்டெட் வரைந்த கட்டடங்கள். சனிக்கிழமை மாலை அலுவலகம் பூட்டியபின் ஆளரவமே இருக்காது. காலடிச் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும், யாரோ பின்னால் வருவதுபோல் தோன்றும். அகலமான தெரு, இரு பக்கமும் ஒரே உயரத்தில் தட்டையான கல் முகப்பு, வண்டி இல்லை. எதிரொலிக்கு வேறென்ன வேண்டும். இரண்டு பேராகப் போங்கள்.

முடிவு சி.எஸ்.எம்.டி.யின் கிழக்குப் பக்கம், பிஸ்மில்லா ஷா பாபா தர்கா. தூத்துக்குடியிலிருந்து வந்து இந்த ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார், பின்னாளில் ஏழைகளுக்குச் சாப்பாடு போட்ட இடம் என்பதால் நம்மவர்களுக்குத் தெரிந்த தர்கா. அவரைப் பற்றிய கதைகளை இங்கே தொடங்கினால் கடைசி வண்டியையும் விட்டுவிடுவீர்கள்.

மூன்றாம் நாள், ஞாயிறு: கொலாபா

ஞாயிறன்று ஹார்பர் லைனை நம்பாதீர்கள். மெகா பிளாக் என்று பகல் பதினொன்று முதல் நாலு வரை வண்டிகளை நிறுத்திவிடுவது வழக்கம்; முந்தின நாள் மாலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் கொலாபாவை இன்றைக்கு வைத்தோம். விடிவதற்கு முன் சசூன் டாக் போனால் மீன் இறக்குவதைப் பார்க்கலாம். 1875-இல் கட்டிய, உள்ளே கடல்நீர் நிற்கும் கப்பல்துறை; தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும், ஷூ நனையத்தான் செய்யும்.

ஆஃப்கன் சர்ச்சுக்குப் பேருந்தில் போங்கள், நடந்தால் அலுப்பு. 1858-இல் அர்ப்பணித்த கோயில், கோபுரம் 1865-இல் முடிந்தது. துறைக்குள் வரும் கப்பல்களுக்கு அறுபது மீட்டர் அடையாளம். முதல் ஆஃப்கன் போரில் 1842 ஜனவரியில் காபூலை விட்டுக் கிளம்பிய படையும் கூடவந்த ஜனமும் சுமார் 16,000 பேர். பனியிலும் துப்பாக்கியிலும் பெரும்பாலோர் அழிய, ஜலாலாபாத் கோட்டை வாசலுக்குக் குதிரையில் வந்து சேர்ந்த ஐரோப்பியர் ஒரே ஒருவர், மருத்துவர் பிரைடன். அந்தப் போரிலும் சிந்துப் போரிலும் மடிந்த அதிகாரிகளின் பெயர் சுவரில் வரிசையாக இருக்கிறது. பெயர்களுக்குக் கீழே உள்ள வரியைத் தேடிப் படியுங்கள்: சாதாரணச் சிப்பாய்களும் இதில் அடக்கம், ஆனால் தனித்தனியே எழுத முடியாத அளவு அதிகம் என்ற பொருளில் முடித்திருப்பார்கள். ஞாயிறு காலை ஆராதனை இருந்தால் முடியும்வரை வெளியே காத்திருங்கள். அதற்கப்பால் நேவி நகர், அனுமதியின்றிப் போக வேண்டாம்.

முகேஷ் மில்ஸ் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. கடலை ஒட்டிய பஞ்சாலை. 1982-இல் தீப்பிடித்து அதோடு முடிந்தது. அதே வருஷம் ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் நகரத்தின் ஆலைகள் பலவும் மீளவே இல்லை. கரிந்த தூணும் ஆலமர வேரும் இருந்தால் சினிமாக்காரர்கள் விடுவார்களா. படப்பிடிப்பில் நடிகைக்கு ஆவி வந்தது, பொழுது சாய்ந்தால் யூனிட்டே கிளம்பிவிடும் என்ற கதைகள் அங்கிருந்துதான் வந்தன. தனியார் சொத்து, கேட்டில் ஆள் உண்டு. சுவர் ஏறிக் குதிப்பவர்கள் பேயிடம் மாட்டியதில்லை. இடிந்த மாடித் தளத்திலும் துருப்பிடித்த கம்பியிலும் மாட்டலாம். வெளியே நின்று பாருங்கள், போதும்.

மாலை கேட்வே ஆஃப் இந்தியா. தாஜ் ஹோட்டலை வரைந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், முகப்பைத் திருப்பிக் கட்டியிருந்தார்களாம், மனம் உடைந்து மேலிருந்து குதித்தாராம், இன்னும் மாடிப்படியில் நடக்கிறாராம். படகு டிக்கெட் விற்பவர் முதல் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். கட்டடத்தைத் தொடங்கி வைத்தவர் ராவ்சாகேப் சீதாராம் காண்டேராவ் வைத்யா. அவர் நடுவில் இறந்ததால் டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்பவர் முடித்தார். ஹோட்டல் திறந்தது 1903 டிசம்பர், கேட்வே முடிந்தது 1924. ஆக ஹோட்டல் கட்டும்போது அந்தப் பக்கம் பார்த்து நிற்க ஒன்றும் இல்லை. குதிரை வண்டி வந்து நிற்கத் தோதாக வாசலை நகரப் பக்கம், இன்று நீச்சல் குளம் இருக்கும் இடத்தில் வைத்தார்கள். கடல்காற்று அறைகளுக்குப் போனது. வாசலைப் பின்னால்தான் இடம் மாற்றினார்கள்.

திரும்பும் வழியில் கூப்பரேஜ் பக்கம் 1946 பிப்ரவரி கடற்படை எழுச்சியின் நினைவுச் சிற்பம். தல்வார் தளத்தில் கெட்டுப்போன சாப்பாட்டில் தொடங்கியது, தெருவில் துப்பாக்கிச் சூட்டில் 200 பேருக்கு மேல் செத்து முடிந்தது. ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

நான்காம் நாள், திங்கள்: மஸ்காவ் முதல் சிவ்ரி

காலை எட்டுக்கு டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன். தலைக்கு மேலே குன்று. படியேறினால் ஜோசப் பாப்டிஸ்டா பூங்கா. பழைய மஸ்காவ் கோட்டை நின்ற இடம், கோட்டை போய் அதன் இடத்தில் தோட்டமும் அடியில் தண்ணீர்த் தொட்டியும். நேற்று முன்தினம் வெளியிலிருந்து மட்டும் பார்த்த துறைமுகத்தை இங்கிருந்து மேலாகப் பார்க்கலாம்.

கீழே இறங்கினால் நவாப் டேங்க் பக்கம் சீ யப் கூன், 1919-இல் சீனக் கடலோடிகள் வைத்த கோயில். கீழே குடும்பம் இருக்கிறது, குரல் கொடுத்து அனுமதி கேட்டுவிட்டுப் படியேறுங்கள். குறி கேட்கும் குச்சிகளைக் குலுக்கலாம், உண்டியலில் ஏதாவது போடுங்கள்.

அங்கிருந்து பாவ்சா தக்கா என்ற படகுத்துறை. 1947 ஜூலை 17, அமாவாசையை ஒட்டிய காலை. ராம்தாஸ் என்ற பயணக் கப்பல் எட்டு மணிக்கு ரேவஸ் நோக்கிக் கிளம்பி, ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் ‘கல் ஐலண்ட்’ என்ற சிறு தீவின் அருகே கவிழ்ந்தது. 600 பேருக்கு மேல் மூழ்கினார்கள், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்பு. காரணம் பேரலை மட்டும் இல்லை: கப்பல் ஒரு பக்கம் சரிந்ததும் மேல்தளத்து ஜனம் மொத்தமாக மறுபக்கம் ஓடியது, எடை மாறிக் கவிழ்ந்தது. கப்பலில் வயர்லெஸ் கிடையாது. நீந்திக் கரை சேர்ந்தவர்கள் சொல்லித்தான் மதியத்துக்குப் பிறகு நகரத்துக்கே தெரிந்தது. கொங்கணக் கரையில் இதை இன்னும் பாட்டாகவும் கதையாகவும் சொல்பவர்கள் உண்டு. தக்காவில் லாரிக்கு நடுவே நிற்க இடம் பார்த்து நின்று, தெற்கே கடல்வாயைப் பாருங்கள். இன்றைக்கும் படகு ஏறினால் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

டாக்யார்ட் ரோடில் மறுபடி வண்டி ஏறினால் ரே ரோடு, காட்டன் கிரீன், அடுத்து சிவ்ரி. மேற்குப் பக்கம் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். நகருக்குள் புதைக்க இடமில்லாமல் 1865-இல் மாநகராட்சி ஆணையர் ஆர்தர் கிராஃபோர்டு தாவரத் தோட்டமாக இருந்த நிலத்தை எடுத்துத் திறந்தது. பழைய மரங்கள் அந்தத் தோட்டத்தின் மிச்சம். முதல் நாள் பார்த்த சி.எஸ்.எம்.டி.யை வரைந்த எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் 1900-இல் மலேரியாவில் போய் இங்கே கிடக்கிறார். கேட்வேயையும் பல்லார்ட் எஸ்டேட்டையும் வரைந்த விட்டெட்டும் இங்கேதான், 1926. சொந்தமாகத் தேடினால் ஒரு நாள் போகும். வாசல் அலுவலகத்தில் பெயரும் வருஷமும் எழுதிக் காட்டினால் எந்தப் பகுதி என்று கைகாட்டுவார்கள். இன்றும் புதைப்பு நடக்கும் இடம், சவ ஊர்வலம் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். மழைக்காலத்தில் புல் முழங்காலுக்கு வரும், சரிந்த கல் மறைந்திருக்கும், பாம்பும் உண்டு. பாதையை விட்டு இறங்காதீர்கள். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள், ஸ்டீவன்ஸுக்கு ஆனதை நினைத்தாவது.

நேரம் மிச்சமிருந்தால் ஸ்டேஷனின் கிழக்கே 1680-இல் கட்டிய சிவ்ரி கோட்டை. 1689-இல் ஜஞ்சிராத் தீவுக் கோட்டையின் தலைவர் சித்தி (ஆப்பிரிக்க வம்சாவளியினரின் பட்டப்பெயர்) யாகூத் கானின் படை தீவுக்குள் இறங்கியது இந்தக் கரையில்தான். சுற்றிலும் சேறு; குளிர்காலத்தில் ஓதம் இறங்கும் நேரம் பார்த்துப் போனால் ஃபிளமிங்கோ கூட்டத்தைக் காணலாம். மாலை ஐந்துக்குள் இரண்டு இடத்தையும் முடித்து ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுங்கள். கிடங்குகளுக்கு நடுவே விளக்கு குறைவு, தெருநாய் அதிகம், ஷேர் ரிக்‌ஷா இந்தப் பக்கம் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எங்கே போய் வருகிறீர்கள் என்று சொன்னதும் வாசலிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.